தூண் தாங்கிய பாரம்: பழகிய விவிலிய வசனங்களும் அவற்றின் இடமும்

(செஞ்சியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சுவடிவம்)

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. அவை செஞ்சியிலிருந்து போனவை. கோட்டைக்குள் இருக்கும் வேங்கடரமணர் கோயிலின் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துச் சென்ற கதை இந்த வட்டாரம் அறிந்தது. கடற்கரையிலும் அந்தத் தூண்கள் அழகாகவே இருக்கின்றன. மாலையில் காற்று வாங்க வருகிறவர்கள் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவற்றின் தலைமேல் உத்தரம் இல்லை, கூரை இல்லை. எந்த மண்டபத்தில் நின்றன, எவ்வளவு பாரம் தாங்கின என்பதைத் தூணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குச் செஞ்சிக்கு வரவேண்டும்.

விவிலிய வசனங்களில் பலவும் இப்படி இடம்பெயர்ந்த தூண்கள். நாட்காட்டித் தாளிலும், கடையின் கல்லாப்பெட்டிக்கு மேலும், வேன் கண்ணாடியிலும் அவை நிற்கின்றன. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் கவிழ்த்து வைத்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, அதில் வந்த வசனத்தை அந்த ஆண்டு முழுவதற்கும் தமக்குரியதாகக் கொள்ளும் வழக்கம் தமிழ்த் திருச்சபைகளில் வேரூன்றியிருக்கிறது. அட்டையில் வசனம் இருக்கும். அடியில் நூற்பெயரும் எண்ணும் இருக்கும். சொன்னவர் யார், கேட்டவர் யார் என்பது இராது.

அவையோரே, இவ்வுரை நிறுவ முயல்வது ஒரே கருத்து: ஒரு வசனம் முதலில் எந்தப் பாரத்தைத் தாங்கியது என்று அறிந்த பிறகே அது இன்று எதைத் தாங்கும் என்று சொல்ல முடியும். இதற்கான கருவிகளை வெளியே தேட வேண்டியதில்லை. தொல்காப்பியம் செய்யுளியலில் எண்ணும் முப்பத்துநான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என ஐந்து உண்டு. பேசியவர் யார், கேட்டவர் யார், எங்கே, எப்போது, எதற்காக என்னும் கேள்விகளே அவை. அகப்பாட்டின் அடியில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று குறிப்பு எழுதி வைத்த மரபு இது. அந்த ஐந்தையும் பழகிய சில வசனங்களின்மேல் வைத்துப் பார்ப்பதே இங்குச் செய்யப்படுவது. அதற்கு முன் வசன எண்ணைப் பற்றி ஒரு விளக்கம் தேவை.

1. எண் பின்னால் வந்தது

பவுல் பிலிப்பி நகரத்தாருக்கு எழுதியபோது அதிகாரமும் வசனமும் பிரித்து எழுதவில்லை, கடிதம் எழுதினார். இன்றுள்ள அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. பாரிஸில் ஆசிரியராக இருந்து, பின்பு கேன்டர்பரியின் பேராயரான ஸ்டீபன் லாங்டன் (இறப்பு 1228) அதை அமைத்தவராகக் கருதப்படுகிறார். எபிரேய நூல்களில் வாக்கியப் பிரிப்பு அதற்கு முன்பே இருந்தது. புதிய ஏற்பாட்டுக்கு வசன எண் இட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்னும் அச்சகத்தார், ஆண்டு 1551. நூலில் ஓர் இடத்தைச் சட்டென்று கண்டுபிடிக்க அந்த எண்கள் உதவின.

கல்வெட்டுப் படிகளில் வரிக்கு எண் இடுவது போன்றதே இது. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் உள்ள கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்கிறது. அதிலிருந்து எண்ணை மட்டும் பெயர்த்தெடுத்து வேறோரிடத்தில் எழுதினால் கடன் கணக்காகவும் படிக்கலாம், பயணக் கணக்காகவும் படிக்கலாம். இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்களைத் தாங்கிய அந்தக் குன்றில், அந்தப் பாறையில் நின்று படிக்கும்போதுதான் அது நினைவுக்கல் என்று விளங்கும்.

வசனத்தை அதன் இடத்திலிருந்து தனியே பெயர்த்தெடுக்கும் இந்தச் சிக்கலைத் தமிழில் அச்சு முறையும் வளர்த்தது. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1714, 1715 ஆண்டுகளில் அச்சானது. பின்னர் ஃபப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பும், ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் நிறைவு செய்த மொழிபெயர்ப்பும் வந்தன. இன்று சீர்திருத்தச் சபையினர் பரவலாகக் கையில் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்புப் பதிப்புகளில் ஒவ்வொரு வசனமும் தனிப் பத்தியாக நிற்கிறது. பார்க்கும் கண்ணுக்கு ஒவ்வொன்றும் ஒரு பழமொழி போலத் தோன்றும். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, உரைநடையைப் பத்தியாகவும் பாடலை அடிகளாகவும் அச்சிட்டு இந்தக் குறையை ஓரளவு போக்கியது.

2. கூற்று: பேசியவர் யார்?

வசனம் என்னும் சொல்லைத் தமிழர்கள் திரைப்படத்துக்கும் வழங்குகிறார்கள். படத்தில் ஒரு வசனம் கேட்டால், நாயகன் பேசியதா வில்லன் பேசியதா என்று எல்லோருக்கும் தெரியும். வேத வசனத்தில் அந்தக் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

புதுக்கடை திறப்பு அழைப்பிதழ்களில் யோபு 8:7 அடிக்கடி காணப்படும். தொடக்கம் சிறிதாயிருந்தாலும் முடிவு பெருகி வளரும் என்பது அதன் கருத்து. வணிகம் தொடங்குகிறவருக்கு இதைவிட இதமான சொல் கிடைப்பது அரிது. ஆனால் இதைச் சொன்னவர் கடவுளும் அல்லர், யோபுவும் அல்லர். யோபுவின் நண்பர் பில்தாத்.

பில்தாத் எந்த வேளையில் இதைச் சொன்னார் என்பது இன்னும் முக்கியமானது. யோபு தம் பிள்ளைகள் அனைவரையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டுச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். துக்கம் விசாரிக்க வந்த பில்தாத், பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான விளைவு வந்தது என்று 4ஆம் வசனத்தில் சொல்கிறார். நீர் நேர்மையானவராக இருந்தால் எல்லாம் திரும்பி வரும் என்று அடுத்துச் சொல்கிறார். 7ஆம் வசனம் அந்தப் பேச்சின் தொடர்ச்சி. இழவு வீட்டில் நின்றுகொண்டு கணக்குப் பார்க்கிறவரின் குரல் அது. நூலின் கடைசி அதிகாரத்தில் (42:7) கடவுள், யோபுவின் நண்பர்கள் தம்மைப் பற்றிச் சரியானதைப் பேசவில்லை என்று கண்டிக்கிறார்.

இங்கே ஒரு நுட்பமும் உண்டு. யோபுவின் பின்னாள்கள் முன்னாள்களைவிட வளமாயின என்று அதே 42ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆக, பில்தாத் சொன்னது நடக்கவும் செய்தது. அவர் சொன்ன காரணத்தால் நடக்கவில்லை. நல்லவனுக்கு நல்லதே நடக்கும், துன்பம் வந்தால் குற்றம் இருந்திருக்க வேண்டும் என்னும் சூத்திரத்தை உடைக்கவே யோபு நூல் எழுந்தது. அந்தச் சூத்திரத்தை முன்மொழிந்தவரின் வாக்கியமே இன்று கடைப்பலகையில் ஏறியிருக்கிறது.

3. கேட்போர்: யாருக்குச் சொன்னது?

எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டைகளில் மிகப் புகழ்பெற்றது. தீமைக்கு அல்லாமல் நன்மைக்கான திட்டங்களே கடவுளிடம் இருக்கின்றன என்பது அதன் பொருள். வேலை தேடும் இளைஞரும், மகளுக்கு வரன் பார்க்கும் பெற்றோரும் இதைத் தமக்கே வந்த சொல்லாகப் படிக்கிறார்கள்.

இது ஒரு கடிதத்தின் நடுப்பகுதி. கி.மு. 597இல் பாபிலோனின் அரசர் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து அரசரையும் அதிகாரிகளையும் கைவினைஞரையும் பிடித்துக்கொண்டுபோனார். அப்படிப் போனவர்களுக்கு எருசலேமில் இருந்த எரேமியா எழுதியனுப்பிய கடிதம் இது. எல்லாம் இரண்டே ஆண்டில் சரியாகிவிடும் என்று அனனியா என்னும் இறைவாக்கினர் சொல்லியிருந்தார். மக்களும் அதையே கேட்க விரும்பினார்கள். எரேமியா அதை மறுக்கிறார். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைவைத்த நகரத்தின் நலனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார். 10ஆம் வசனத்தில் காலக்கெடுவைச் சொல்கிறார்: எழுபது ஆண்டுகள். அதற்கு அடுத்ததுதான் அட்டையில் வரும் வசனம்.

எழுபது ஆண்டு என்பதைக் கேட்போர் நிலையில் நின்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கடிதம் வாசிக்கக் கேட்ட முப்பது வயதுக்காரர் ஒருவர் திரும்பி ஊர் வந்து சேரும் வாய்ப்பு இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் வரலாம். பாபிலோன் பாரசீக அரசர் கோரேசிடம் வீழ்ந்தது கி.மு. 539இல். விரைவில் விடிவு என்று நம்பியிருந்தவர்களிடம் அந்த நம்பிக்கையைப் பறித்துவிட்டு, தம் வாழ்நாளைத் தாண்டிய ஒரு நம்பிக்கையைக் கையில் கொடுத்தது இந்த வசனம். இவ்வளவு காலமாகும் என்று எழுதியதற்காகவே செமாயா என்பவர் எரேமியாவின்மேல் புகார்க்கடிதம் எழுதினார் என்பதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது.

தமிழின் இயல்பும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. எபிரேயத்தில் இவ்வசனம் பலரை நோக்கிய பன்மை. தமிழிலும் ‘உங்கள்’ என்றே இருக்கிறது. ஆனால் ‘நீங்கள்’ என்பது தமிழில் மரியாதைக்கும் ஆகும். தனியே அமர்ந்து படிக்கிறவர் அந்தப் பன்மையைத் தமக்குத் தரப்பட்ட மரியாதையாக எடுத்துக்கொண்டு, ஊரையே நோக்கிய சொல்லைத் தமக்கு மட்டும் உரியதாக்கிவிடுகிறார். மொழிபெயர்ப்பில் பிழை ஏதும் இல்லாமலே பொருள் இடம் மாறிவிடுகிறது.

4. களன்: எந்த நிலத்தில்?

செஞ்சியில் நின்று படிக்கத்தக்க பாடல் சங்கீதம் 121. இதன் முதல் வசனம் மலைகளை நோக்கிக் கண்களை உயர்த்துவதைப் பேசுகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘பர்வதங்கள்’ ஒத்தாசை வரும் இடமாகவே அமைந்துவிட்டன. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் உள்ள ‘மேஅயின்’ என்னும் சொல்லுக்கு ‘எங்கிருந்து’ என்று பொருள், அது வினாச்சொல். பாடுகிறவர் மலைகளைப் பார்க்கிறார். தமக்கு உதவி எங்கிருந்து வரும் என்று கேட்கிறார். விடை இரண்டாம் வசனத்தில் வருகிறது: வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவரிடமிருந்து. 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு இதைக் கேள்வியாகவே தந்திருக்கிறது. ஒரு கேள்விக்குறி வந்ததும் பாடலின் திசை மாறிவிடுகிறது. முன்பு மலை உதவியின் ஊற்று; இப்போது மலை கேள்வியைக் கிளப்பும் காட்சி.

இந்தப் பாடல், 120 முதல் 134 வரையுள்ள பதினைந்து யாத்திரைப் பாடல்களில் ஒன்று. எருசலேமுக்கு ஏறிப்போகிறவர்களின் பாடல்கள் அவை. வழியில் இருந்த மலைகள் இரு வகையில் கலக்கம் தந்தன. ஒன்று, கள்வரும் வெயிலும் கால் வழுக்கும் பாறையும். அதே பாடல் கால் தள்ளாடுவதையும் பகல் வெயிலையும் குறிப்பிடுகிறது. மற்றொன்று, உச்சிகளில் இருந்த பிற வழிபாட்டு மேடைகள். மலைகளில் கிடைக்கும் உதவி பொய் என்று எரேமியா (3:23) கண்டித்தது இவற்றைக் குறித்தே.

செஞ்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள் ஊரைச் சூழ்ந்திருக்கின்றன. சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியில் கமலக்கண்ணி அம்மன் கோயிலும் அரங்கநாதர் கோயிலும் இருக்கின்றன. மலை, கோட்டை, தெய்வம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்வது இங்கே கண்கூடு. மலையைப் பார்த்தால் பாதுகாப்பு என்று தோன்றுவதும் இயல்பு. ஆனால் இந்தக் கோட்டையின் வரலாறு வேறு பாடம் சொல்கிறது. நாயக்கரிடமிருந்து பீஜப்பூர்ப் படையிடமும், 1677இல் சிவாஜியிடமும், ராஜாராம் இருந்த காலத்தில் ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயரிடமும், 1750இல் பிரெஞ்சுக்காரரிடமும், 1761இல் ஆங்கிலேயரிடமும் இது கைமாறியது. ஏற முடியாத மலை என்று பேர்பெற்றதன்மேல் ஆறு கொடிகள் ஏறின. மலையே உதவுமா என்னும் சங்கீதக்காரரின் கேள்வியை இந்த ஊர் தன் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறது.

சங்கீதம் 18இல் கடவுள் கன்மலை என்றும் கோட்டை என்றும் அழைக்கப்படுவதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். கோட்டை என்றதும் அரண்மனையும் தர்பாரும் நினைவுக்கு வருகின்றன. கல்யாண மகாலும் குதிரை லாயமும் நினைவுக்கு வருகின்றன. பாடலின் தலைப்புக் குறிப்பு காட்டும் தாவீது அரசராக வீற்றிருக்கும் தாவீது அல்லர். சவுலுக்குத் தப்பி, யூதேயாவின் பாலை மலைகளில் குகை குகையாக ஓடி ஒளிந்தவர். அவருக்குக் கன்மலை என்பது ஆளும் இடமாக இருக்கவில்லை. உயிர் தப்பும் பாறை இடுக்காக இருந்தது. அதனால் அந்தச் சொல் வெற்றிப் பெருமிதத்தைவிடத் தப்பிப் பிழைத்தவரின் பெருமூச்சையே அதிகம் தாங்குகிறது.

நிலம் அறிந்தால் விளங்கும் இன்னொரு வசனம் வெளிப்படுத்தல் 3:15-16. லவோதிக்கேயா சபையை நோக்கி, குளிருமில்லை அனலுமில்லை, வெதுவெதுப்பு என்று கடிந்துகொள்ளும் இடம் அது. அனல் என்றால் பக்தி, குளிர் என்றால் அவிசுவாசம் என்றே பிரசங்கங்களில் விளக்கப்படுகிறது. அப்படியானால், குளிராயிருந்தாலும் நலமாயிருக்கும் என்று ஏன் சொல்ல வேண்டும்? இன்றைய துருக்கியில் இருந்த அந்த நகரத்துக்கு வடக்கே எராப்போலி. அங்கே வெந்நீர் ஊற்றுகள் உண்டு. கிழக்கே கொலோசே; அங்கே குளிர்ந்த நீர் ஓடியது. லவோதிக்கேயாவுக்கு நீர் தொலைவிலிருந்து கல்குழாய் வழியே வந்தது. குழாய்களின் உட்புறத்தில் படிந்த சுண்ணாம்பை இன்றும் காணலாம். வெந்நீர் நோய்க்கு ஆகும், தண்ணீர் தாகத்துக்கு ஆகும், இடைப்பட்டது குமட்டும் என்பது உரையாளர் பலர் ஏற்கும் விளக்கம். அப்படியானால் கண்டனம் பக்தியின் அளவைப் பற்றியது அல்ல. யாருக்கும் பயன்படாமல் இருப்பதைப் பற்றியது. மலைச்சுனையையும் கோட்டைக் குளத்தையும் நம்பி வாழ்ந்த ஊருக்கு நீரின் தராதரம் புரியாததல்ல.

5. காலம்: பின்னால் வந்ததை முன்னால் வைக்கலாகாது

சூழல் அறிய வேண்டும் என்று சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இல்லாத சூழலைக் கற்பித்துக்கொள்வதும் நடக்கிறது. பணக்காரர் இறையாட்சியில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்னும் கருத்துள்ள மாற்கு 10:25க்கு ஒரு விளக்கம் எங்கும் புழங்குகிறது. எருசலேமில் ‘ஊசிக்காது’ என்று ஒரு சிறு வாயில் இருந்ததாம். சுமையை இறக்கி மண்டியிட்டால் ஒட்டகம் அதில் நுழைந்துவிடுமாம்.

செஞ்சிக் கோட்டை போன்ற இடத்தில் இது எளிதில் நம்பத்தக்கதாகத் தோன்றும். பெரிய கோட்டைக் கதவில், இரவில் ஆள் மட்டும் குனிந்து நுழைய வைத்த திட்டிவாசல் எல்லோரும் அறிந்ததே. ஆனால் முதல் நூற்றாண்டு எருசலேமில் அப்படி ஒரு பெயருள்ள வாயில் இருந்ததற்குச் சான்று இல்லை. அந்த விளக்கம் இடைக்காலத்தில் பிறந்தது. நடக்கவே முடியாததைச் சொல்ல இப்படிப் பேசுவது அக்கால யூதர் வழக்கம். பாபிலோனியத் தல்மூதில் ஊசிக்காதில் நுழைவது யானை.

நூலே இந்தத் திட்டிவாசலை அடைத்துவிடுகிறது. அடுத்த வசனத்தில் சீடர்கள் திகைத்துப்போய், அப்படியானால் யார்தான் மீட்படைய முடியும் என்று கேட்கிறார்கள். மண்டியிட்டால் நுழையலாம் என்பது பொருளானால் திகைப்புக்கு இடமே இல்லை. மனிதரால் கூடாதது, கடவுளால் கூடும் என்னும் மறுமொழிக்கும் இடமில்லை. செல்வரைப் புண்படுத்தாமல் வசனத்தைக் காப்பாற்ற வந்த விளக்கம், வசனத்தின் முனையை மழுக்கிவிட்டது.

6. பயன்: எதற்காகச் சொன்னது?

மத்தேயு 18:20, இரண்டு மூன்று பேர் கூடும் இடத்தில் கிறிஸ்து இருப்பதைப் பற்றியது. மழை பெய்து கூட்டம் குறைந்த மாலையில் ஜெபக்கூட்டத்தைத் தொடங்குகிறவர் தேற்றிக்கொள்ளச் சொல்லும் வசனம். அது நிற்கும் இடமோ வழக்குத் தீர்க்கும் இடம். 15ஆம் வசனம் முதல் ஒரு நடைமுறை விளக்கப்படுகிறது: ஒருவர் தவறிழைத்தால் முதலில் தனியே சென்று பேசவேண்டும், கேட்காவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல்லவேண்டும். இரண்டு மூன்று சாட்சிகள் என்பது உபாகமம் 19:15இன் சட்டம். ஆக, வேண்டாதவரைக் கட்டம் கட்டி ஒதுக்காமல், முகம் பார்த்துப் பேசி உறவை மீட்கும் கடினமான வேலையில் ஈடுபட்டவர்களுக்குச் சொன்ன உறுதி இது. பஞ்சாயத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த உறுதி எவ்வளவு தேவை என்று தெரியும்.

பிலிப்பியர் 4:13, எல்லாவற்றையும் செய்ய வலிமை உண்டு என்னும் கருத்தில் படிக்கப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது மாணவர் நோட்டுகளின் முதல் பக்கத்தில் இதைக் காணலாம். பவுல் இதைச் சிறையிலிருந்து எழுதினார். பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் உதவி அனுப்பியிருந்தது; அதற்கு நன்றி சொல்லும் பகுதி இது. நன்றி சொல்லும்போதே, தாம் இல்லாமையால் வாடவில்லை என்கிறார். நிறைவிலும் பசியிலும், மிகுதியிலும் குறைவிலும் மனநிறைவோடிருக்கக் கற்றுக்கொண்டதாக 11, 12ஆம் வசனங்களில் சொல்கிறார். அடுத்து வரும் ‘எல்லாம்’ இந்த நிலைகளையே சுட்டும். நினைத்ததைச் சாதிக்கும் வலிமை அங்கே பேசப்படவில்லை; நினைத்தது கிடைக்காதபோதும் நிலைகுலையாத வலிமை பேசப்படுகிறது. தேர்வில் வென்றவரைவிடத் தோற்றவருக்கு இந்த வசனம் கூடுதலாகப் பயன்படும்.

7. எழக்கூடிய மறுப்பு

இப்படிப் படித்தால் வேதம் பழம்பொருள் காட்சிக்கூடம் ஆகிவிடாதா என்று கேட்கலாம். மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறவர் ஓர் அட்டையைப் பார்த்து ஆறுதல் அடைவது தவறா? புதிய ஏற்பாட்டு ஆசிரியர்களே பழைய வசனங்களை எடுத்துப் புதிய இடத்தில் வைத்தார்களே? கடைசிக் கேள்வி வலுவானது. மத்தேயு 2:15, ஓசியா 11:1ஐ எடுத்துக் குழந்தை இயேசு எகிப்திலிருந்து திரும்பியதற்குப் பொருத்துகிறது. ஓசியாவோ இஸ்ரயேல் மக்கள் எகிப்திலிருந்து வெளியேறிய பழைய நிகழ்ச்சியையே நினைவுகூர்ந்தார்.

ஆனால் மத்தேயு அந்த முதற்பொருளை மறந்துவிட்டுப் பொருத்தவில்லை; அதை நம்பியே பொருத்தினார். இஸ்ரயேலின் கதையை வாசகர் அறிந்திருந்தால்தான் குழந்தையின் பயணம் அந்தக் கதையை மீண்டும் நடந்து காட்டுவது புலப்படும். முதற்பொருள் அடித்தளமாக இருக்கும்வரை அதன்மேல் வழிபாட்டுப் பொருளும் ஆறுதலும் எழலாம். அடித்தளம் தெரியாமல் எழுப்பினால், எந்தப் பொருளையும் எந்த வசனத்திலும் ஏற்றிவிட முடியும்.

இது கிறித்தவர்களுக்கு மட்டும் நேரும் இடறல் அல்ல. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடல் 192க்கு நேர்ந்ததும் இதுவே. அதன் முதல் அடி மாநாட்டு வளைவுகளிலும் மேடைகளிலும் உலக ஒற்றுமை முழக்கமாக ஒலிக்கிறது. பாடலில் பதின்மூன்று அடிகள் இருக்கின்றன. நன்மையும் தீமையும் பிறரால் வருவதில்லை, சாவு புதிதில்லை, பேராற்றின் வெள்ளத்தில் மிதவை போவது போல உயிர் ஊழின் வழியே போகிறது என்று அவை தொடர்கின்றன. ஆகவே பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று பாடல் முடிகிறது. அதன் துறை பொருண்மொழிக்காஞ்சி. முழுப்பாடலையும் படித்தால் முதல் அடியின் பெருமை குறைவதில்லை. எந்த மனப்பக்குவத்திலிருந்து அது பிறந்தது என்று தெரிகிறது.

வசனங்களும் அப்படியே. எரேமியாவின் சொல், வரன் அமைவதற்கான உத்தரவாதமாக இருக்கும்போது, வரன் அமையாத வீட்டில் அது பொய்த்துப்போகும். மூன்று தலைமுறை காத்திருந்தவர்களுக்குச் சொன்னதாக இருக்கும்போது, அந்த வீட்டிலும் அது நிற்கும்.

அவையோரே, இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. எபிரேயமும் கிரேக்கமும் அறிந்தவர்கள் செய்யவேண்டிய வேலை ஒருபுறம் இருக்கட்டும். பேசியவர் யார், கேட்டவர் யார், முன்னும் பின்னும் என்ன என்பவற்றுக்குத் தமிழ் விவிலியமே பெரும்பாலும் விடை தந்துவிடும். வரும் டிசம்பர் 31 இரவு கையில் ஓர் அட்டை வரும்போது, அதன் அடியில் உள்ள எண்ணைப் பார்த்து அந்த அதிகாரம் முழுவதையும் வீட்டில் ஒருமுறை உரக்கப் படித்தால் போதும். சங்கீதம் 121இல் 8 வசனங்கள். யோபு 8இல் 22. எரேமியா 29இல் 32. பிலிப்பியருக்கு எழுதிய கடிதம் முழுவதும் சேர்த்து 104. அதைப் படித்து முடிக்க, ராஜகிரி ஏறி இறங்கும் நேரம் ஆகாது.